படிகமானதும் படிகமாகாததும்: சிங்கோனா ஆல்கலாய்டுகளின் வரலாற்றில் படிகநிலையும் மருந்தாற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

மலேரியாவுக்கு எதிரான முதல் வேதிமருந்தாகிய கொயினா, 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட நாள்முதல் அதன் தூய்மையும் விலையும் படிகமாகும் தன்மையைக் கொண்டே அளக்கப்பட்டன. படிகமாகாத எச்சம் மலிவான மருந்தா, வெறும் கழிவா என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேதியியலாரையும் மருத்துவரையும் அரசுகளையும் ஈடுபடுத்தியது. நீலகிரியின் சிங்கோனாத் தோட்டங்களும் சென்னை மாகாண அரசு நடத்திய மருத்துவச் சோதனைகளும் இவ்வினாவின் மையத்தில் இருந்தன. அக்காலத்தார் ‘படிகமற்றது’ என்று சொன்னதும் இன்றைய திண்மநிலை வேதியியல் அச்சொல்லால் குறிப்பதும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிங்கோனா, கொயினா, ஆல்கலாய்டு, படிகநிலை, பல்லுருத்தன்மை, நீலகிரி, டோட்டாகுயினா, ஆர்ட்டெமிசினின்

பாரிசில் கிடைத்த பிசின்

1820ஆம் ஆண்டில் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு மருந்தியலார் இருவர் சிங்கோனாப் பட்டையிலிருந்து இரண்டு ஆல்கலாய்டுகளைப் பிரித்தனர். சாம்பல்நிறப் பட்டையிலிருந்து கிடைத்த சிங்கோனின் எளிதில் படிகமாயிற்று. போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் கோமிசு அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அதன் படிகங்களைப் பெற்றிருந்தார். மஞ்சள் பட்டையிலிருந்து கிடைத்த பொருளோ படிகமாக மறுத்தது. வெளிர்மஞ்சள் பிசினாகவே நின்றது. அதற்குத்தான் அவர்கள் கொயினா என்று பெயரிட்டனர். காய்ச்சலைத் தணிப்பதில் மேலானதாக மருத்துவர் கண்டது இப்பிசினையே.

இத்தொடக்கம் கருதத்தக்கது. அழகாகப் படிகமாகும் சிங்கோனின் மருந்தாற்றலில் பின்தங்கியது. படிகமாகாத கொயினா முன்னின்றது. ஆகவே படிகத்துக்கும் ஆற்றலுக்கும் நேரான உறவு இல்லை என்பது முதல் ஆய்விலேயே கண்முன் இருந்தது. ஆயினும் அடுத்து வந்த நூறாண்டில் வணிகமும் மருந்து நூல்களும் இதற்கு மாறான முடிவையே பின்பற்றின. அதற்குக் காரணம் கொயினாவின் சல்பேட்டு உப்பு. தனித்த காரமாகப் பிசினாய் நின்ற பொருள், கந்தக அமிலத்துடன் சேர்ந்தபோது வெண்பட்டு இழைகள் போன்ற ஊசிப் படிகங்களாகப் பிரிந்தது. மருந்தைத் தூய்மை செய்யவும் எடைபோட்டு அளவு குறிக்கவும் இப்படிகம் வழிவகுத்தது. மரப்பட்டைத் தூளை மதுவில் கலந்து குடித்த காலம் முடிந்து, குன்றிமணி எடையில் மருந்து கொடுக்கும் காலம் தொடங்கியது. இனிக் கண்ணால் காணக்கூடிய படிகமே நம்பகத்தின் அடையாளமாயிற்று.

இதனால் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. கொயினா சல்பேட்டு நீரில் அரிதாகவே கரையும்; ஒரு பங்கைக் கரைக்க ஏறத்தாழ 800 பங்கு குளிர்நீர் வேண்டும். நீர்த்த கந்தக அமிலம் சில துளி சேர்த்தால் எளிதில் கரைந்துவிடும். எனவேதான் கொயினாக் கலவையை அமிலம் சேர்த்துக் கொடுப்பது மருத்துவமனைகளில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. திண்ம உருவம் கரைதலைக் கட்டுப்படுத்துகிறது, கரைதலே மருந்தின் பயனைக் கட்டுப்படுத்துகிறது என்ற அறிவு கோட்பாடாக எழுதப்படுவதற்கு முன்பே மருந்து கலப்போரின் கைப்பழக்கத்தில் இருந்தது எனலாம்.

எச்சத்தைப் பற்றிய வழக்கு

சல்பேட்டுப் படிகங்கள் பிரிந்தபின் எஞ்சும் கரிய கரைசலில் இன்னும் கசப்பு மிகுந்திருந்தது. அபினியிலிருந்து மார்பினைப் பிரித்துப் புகழ்பெற்ற செர்த்தூர்னர், 1828இல் இந்த எச்சத்தில் ஒரு புதிய ஆல்கலாய்டு இருப்பதாக அறிவித்து அதற்குக் குயினாய்டின் என்று பெயரிட்டார். அது வெப்பத்தில் இளகும் பழுப்புப் பிசின். அது புதிய பொருளன்று, கொயினாவும் சிங்கோனினும் அழுக்குடன் கலந்த கலவையே என்று பிரெஞ்சு வேதியியலார் மறுத்தனர். 1846இல் லீபிக் மூன்றாவது கருத்தொன்றை முன்வைத்தார். குயினாய்டினின் முதன்மைப் பகுதி கொயினாவின் அதே இயைபை உடையது, படிகமாகாமை ஒன்றே வேறுபாடு, ஆகவே அதனைப் ‘படிகமற்ற கொயினா’ என்று கொள்ளலாம் என்பது அவர் வாதம். ஒரே பொருள் படிகமாகவும் படிகமற்றும் இருக்கலாம் என்னும் இக்கருத்து, கலவையைத் தனிப்பொருளாக எண்ணிய பிழையின் மேல் எழுந்தது என்றாலும், கேள்வி கூர்மையானது: வேதியியைபு ஒன்றாயின் மருந்தாற்றலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? விலை மட்டும் ஏன் வேறு?

பாஸ்டர் இவ்வழக்கை வேறு திசைக்குத் திருப்பினார். சிங்கோனா ஆல்கலாய்டுகளின் உப்புகளை வெப்பப்படுத்தினால் அவை இயைபு மாறாமல் கட்டமைப்பு மட்டும் மாறிக் குயினிசின், சிங்கோனிசின் என்னும் வேறு பொருள்களாகின்றன என்று 1853இல் அவர் காட்டினார். குயினாய்டின் என்பது பெரும்பாலும் இத்தகைய சிதைவின் விளைவே. அறுவடை செய்த பட்டையை வெயிலில் உலர்த்துவதும் அதற்கொரு காரணம் என்றார். பட்டையை ஒளிபடாமல் உலர்த்த வேண்டும் என்பது அவர் அறிவுரை. அதே ஆண்டில் இவ்விரு பொருள்களையும் கருவியாகக் கொண்டு அவர் ரேசிமிக அமிலத்தின் வலஞ்சுழி, இடஞ்சுழி வடிவங்களைப் பிரித்தார். மூலக்கூறின் கைத்தன்மை பற்றிய அறிவியல் வளர மலேரியா மருந்தின் சிதைவுப்பொருள் துணையாயிற்று.

இதே ஆண்டுகளில் கொயினாவின் படிகம் மருத்துவத்துக்குப் புறம்பான புகழொன்றையும் பெற்றது. பிரிஸ்டல் நகர மருத்துவர் ஹெராபாத், கொயினா உட்கொண்ட நாயின் சிறுநீரில் அயோடின் விழுந்தபோது தோன்றிய பச்சைப் படிகங்களை ஆராய்ந்து, அவை ஒளியை முனைவாக்குவதை 1852இல் வெளியிட்டார். எட்வின் லேண்டு 1920களின் இறுதியில் உருவாக்கிய முதல் முனைவாக்கித் தகடு இப்படிகத்தைக் கொண்டே அமைந்தது. மருந்தின் வரலாற்றுக்கு இது கிளைக்கதையே.

வணிகத்தில் படிகத்தின் அழகு ஏமாற்றவும் பயன்பட்டது. சிங்கோனிடின் சல்பேட்டு கொயினா சல்பேட்டுடன் சேர்ந்தே படிகமாகும் இயல்புடையது. பஞ்சுபோல் இலேசாகப் பொங்கிநிற்கும் கொயினாவை வாங்குவோர் விரும்பினர். கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றிய அவ்வெண்ணூசிகளில் மலிவான ஆல்கலாய்டு கலந்திருக்கக்கூடும். கரைதிறன் வேறுபாட்டையும் அம்மோனியாவையும் கொண்டு இக்கலப்பைக் காட்டும் கெர்னர் சோதனை மருந்து நூல்களில் இடம்பெற்றது இதனாலேயே. கண் கண்ட படிகத்தைக் கொண்டு தூய்மையைத் தீர்மானிக்க இயலாது என்பதை வணிகம் இவ்வாறு பட்டறிந்தது.

நீலகிரியில் வளர்ந்த சிக்கல்

1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சிங்கோனா நாற்றுகள் உதகமண்டலம் வந்து சேர்ந்தன. அரசுத் தோட்டங்களின் கண்காணிப்பாளர் மெக்ஐவர் பொறுப்பில் தொட்டபெட்டா, நடுவட்டம், பைக்காரா ஆகிய இடங்களில் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் காடு திருத்தி உழைத்தனர். அவர்கள் அடைக்கப்பட்ட சிறையின் கட்டடம் அங்கு இன்றும் உண்டு. மெக்ஐவர், மரத்தின் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து எஞ்சிய பகுதியைப் பாசியால் மூடும் முறையைக் கையாண்டார். பாசிக்கடியில் புதிதாக வளர்ந்த பட்டையில் ஆல்கலாய்டு மிகுந்திருந்தது. ஒளிபடுதல் ஆல்கலாய்டைக் கெடுக்கும் என்ற பாஸ்டரின் கூற்றோடு இது பொருந்தி வந்ததை அக்காலத்தார் கவனிக்கத் தவறவில்லை.

சிக்கல் மரத்தின் இனத்தில் இருந்தது. நீலகிரியின் மண்ணுக்கும் மழைக்கும் மிக நன்றாக ஒத்துவந்தது சிவப்புப் பட்டை மரம். அதன் பட்டையில் மொத்த ஆல்கலாய்டு மிகுதி; ஆனால் கொயினா அதில் சிறுபகுதியே. சிங்கோனிடினும் சிங்கோனினும் பெரும்பகுதியாக இருந்தன. அதாவது, ஐரோப்பியச் சந்தை விலைகொடுத்து வாங்கும் பொருள் குறைவாகவும், மதிக்காத பொருள்கள் நிறைவாகவும் உள்ள மரம் மலையெங்கும் பெருகியது. தோட்டம் தொடங்கப்பட்டதன் நோக்கம் இந்நாட்டு ஏழைமக்களுக்கும் படைவீரர்க்கும் மலிவான காய்ச்சல் மருந்து கொடுப்பதே என்று சொல்லப்பட்டிருந்தது. ஆகவே, மதிக்கப்படாத இவ்வால்கலாய்டுகள் காய்ச்சலைத் தீர்க்குமா என்பது வெறும் வேதியியல் வினாவாக இல்லாமல், அரசின் செலவுக்கணக்கோடும் பெருந்திரளான மக்களின் உயிரோடும் பிணைந்த வினாவாயிற்று.

சென்னை அரசு 1866இல் ஒரு மருத்துவக் குழுவை அமைத்து நான்கு ஆல்கலாய்டுகளின் சல்பேட்டுகளையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் செய்தது. 1868 வரை நடந்த சோதனையில் முறைக்காய்ச்சல் நோயாளிகள் 2472 பேருக்கு மருந்தளிக்கப்பட்டது: கொயினா 846 பேருக்கு, குயினிடின் 664 பேருக்கு, சிங்கோனின் 559 பேருக்கு, சிங்கோனிடின் 403 பேருக்கு. குணமடைந்தோர் 2445, குணமடையாதோர் 27. ஆயிரம் பேருக்குத் தோல்வி விகிதம் குயினிடினுக்கு 6, கொயினாவுக்கு 7, சிங்கோனிடினுக்கு 10, சிங்கோனினுக்கு 23 என்று கணிக்கப்பட்டது.

இவ்வெண்கள் அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் மருந்து நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டன. அவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. விகிதங்களைத் திருப்பிக் கணக்கிட்டால் தோல்வியுற்றோர் முறையே 4, 6, 4, 13 பேர் என்று வரும். முதல் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு எதையும் நிறுவப் போதாது. சிங்கோனின் பின்தங்கியது என்பது மட்டுமே ஓரளவு நிற்கும். ஒட்டுண்ணியை லாவரான் கண்டது 1880இல்தான். ஆதலால் ‘குணம்’ என்றது காய்ச்சல் நின்றதையன்றிக் குருதி தெளிந்ததையன்று. மருந்தின்றித் தானாகவே தணியும் காய்ச்சல்களைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. இக்குறைகளைக் கூட்டியே நோக்கினாலும், இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பொருள்வாரியாகப் பிரித்து மருந்துகளை ஒப்பிட்ட சோதனை அக்காலத்தில் அரிது. குயினிடின் முதலிடம் பெற்றது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பிற்காலத்தில் அது கொயினாவினும் வீரியமுள்ள மலேரியா மருந்தென அறியப்பட்டது. கடும் மலேரியாவுக்கு அமெரிக்காவில் அதனை ஊசிமருந்தாக 2019 வரை பயன்படுத்தினர். இதயத் துடிப்பின்மேல் அதற்குள்ள விளைவு அதன் குறை.

சோதனையின் முடிவு அரசுக்கு ஒரு வழியைத் திறந்தது. நான்கும் பயன்தருமாயின் அவற்றைத் தனித்தனியே பிரித்துப் படிகமாக்கும் செலவு எதற்கு? 1866இல் உதகையில் அரசுக் கொயினா வேதியியலாராக அமர்த்தப்பட்ட ஜான் பிராட்டன் இவ்வழியில் சென்றார். உயிருள்ள சிங்கோனா மரங்களில் ஆல்கலாய்டு உருவாவதைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1871இல் இலண்டன் ராயல் கழகத்தின் ஆய்வேட்டில் வெளிவந்தது. அவர் திறமைக்கு அது சான்று. சிவப்புப் பட்டையின் ஆல்கலாய்டுகள் அனைத்தையும் ஒருசேர எடுத்துப் ‘படிகமற்ற கொயினா’ என்னும் பெயரில் அவர் ஒரு மருந்தைத் தயாரித்தார். அது மாகாண மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டது.

பெயரே அம்மருந்துக்குப் பாதகமாயிற்று என்று கருத இடமுண்டு. லீபிக்கின் சொல்லை அது நினைவூட்டியது. குயினாய்டின் என்னும் பழுப்புப் பிசினின் கெட்ட பெயரும் அதனோடு ஒட்டிவந்தது. உண்மையில் பிராட்டனின் பொருள் பெரும்பகுதி படிகமாகக்கூடிய ஆல்கலாய்டுகளின் கலவை. ஒன்று மற்றொன்றின் படிகமாதலைத் தடுத்ததால் அது உருவற்றுக் கிடந்தது. எச்சப் பிசினோ, பாஸ்டர் காட்டியபடி, பெரிதும் சிதைவுப் பொருள். இரண்டும் படிகமற்றவை என்பது தவிர அவற்றுக்கிடையே ஒற்றுமை குறைவு. ஆயினும் பிராட்டனின் முயற்சி வீழ்ந்தது வேதியியலால் அன்று, விலையால். உதகையில் செய்த மருந்துக்கான செலவு எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகுந்தது. 1870களின் நடுவில் உற்பத்தி கைவிடப்பட்டது. பிராட்டனும் பணியிலிருந்து விலகினார். நீலகிரிப் பட்டை கப்பலேறி இலண்டன் ஏலத்துக்குச் சென்றது. ஏழைகளுக்கான மருந்து என்ற நோக்கத்தோடு நட்ட மரங்கள் சில காலம் ஏற்றுமதிப் பயிராகவே நின்றன. நடுவட்டத்தில் அரசின் கொயினாத் தொழிற்சாலை எழுந்தது 1880களின் இறுதியில், டேவிட் ஹூப்பர் கொயினா வேதியியலாராக இருந்த காலத்தில்தான்.

வங்கத்தில் கதை வேறாக அமைந்தது. டார்ஜிலிங் மலையில் மங்பூவில் வுட் என்னும் வேதியியலார், பிராட்டன் விட்ட இடத்திலேயே தொடங்கி, 1870களின் நடுவில் மொத்த ஆல்கலாய்டுகளைத் தூளாக எடுத்துச் ‘சிங்கோனாக் காய்ச்சல் தணிப்பி’ என்ற பெயரில் வெளியிட்டார். பெயரில் கொயினாவும் இல்லை, படிகம் என்ற சொல்லும் இல்லை. செலவு குறைவு, ஆகவே நிலைத்தது. குமட்டல், வாந்தி ஆகியவற்றை அது உண்டாக்குகிறது என்ற முறையீடு மட்டும் தொடர்ந்தது. அதிலிருந்த படிகமாகாத பகுதியின்மேல் அப்பழி விழுந்தது. ஆலந்து வேதியியலார் தெ விரி, சிவப்புப் பட்டையின் மொத்த ஆல்கலாய்டுகளைக் குயினெட்டம் என்ற பெயரில் பரிந்துரைத்ததும் இக்காலமே. பின்னர் சாவகத்தில் கொயினா மிகுந்த லெட்ஜர் இன மரங்கள் பெருகியதால் தூய கொயினா சல்பேட்டின் விலை சரிந்தது. 1892 முதல் வங்காளத்தில் அஞ்சலகங்களில் ஒரு பைசாப் பொட்டலமாகக் கொயினா விற்கப்பட்டது. கலவை மருந்தின் தேவை அத்தோடு பின்தங்கியது.

சட்டத்தில் எழுதப்பட்ட படிகம்

முதல் உலகப்போருக்குப் பின் கொயினாவின் உலக உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் சாவகத்தைச் சார்ந்ததாயிற்று. வறிய நாடுகளால் போதிய அளவு வாங்க இயலவில்லை. நாடுகள் கழகத்தின் மலேரியா ஆணையம் பழைய வினாவை மீண்டும் எடுத்து, 1930களின் தொடக்கத்தில் டோட்டாகுயினா என்னும் மருந்துக்கு இலக்கணம் வகுத்தது. படிகமாகக்கூடிய ஆல்கலாய்டுகள் குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும். கொயினா குறைந்தது 15 விழுக்காடு இருக்க வேண்டும். படிகமற்ற ஆல்கலாய்டுகள் 20 விழுக்காட்டை மிஞ்சலாகாது. பிரித்தானிய மருந்து நூலும் 1932இல் டோட்டாகுயினாவைச் சேர்த்துக்கொண்டது.

இவ்விலக்கணத்தில் ‘படிகமாகக்கூடிய’ என்ற சொல்லின் பயன்பாடு நோக்கத்தக்கது. மருந்து படிகமாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை; டோட்டாகுயினா வெறும் தூள்தான். பிரித்தால் படிகமாகும் தகுதியுள்ள, சிதையாத ஆல்கலாய்டு எவ்வளவு என்றே கேட்டது. இங்குப் படிகமாதல் திண்மத்தின் உருவத்தைக் குறிக்காமல், மூலக்கூறு சிதையாதிருப்பதன் சான்றாக நிற்கிறது. பிராட்டன் காலத்தில் ஒன்றாகக் குழம்பிக் கிடந்த இரு பொருள்கள் இவ்விலக்கணத்தில்தான் சட்ட மொழியில் பிரிந்தன. கலவை என்பதற்காக ஒரு மருந்தைத் தள்ள வேண்டியதில்லை, சிதைவுக்கு மட்டும் வரம்பு கட்டினால் போதும் என்ற நிலையை அடைய அறுபது ஆண்டுகள் ஆயின.

சொல்லின் இன்றைய பொருள்

இன்றைய திண்மநிலை வேதியியலில் ‘படிகமற்றது’ என்பது கலப்பையோ சிதைவையோ குறிப்பதில்லை. முற்றிலும் தூய ஒரே பொருளின் மூலக்கூறுகள் ஒழுங்கின்றி அடுங்கிய நிலை அது. படிகத்தில் ஒழுங்காகப் பிணைந்த மூலக்கூறுகளைப் பிரிக்க ஆற்றல் வேண்டும்; ஒழுங்கற்ற நிலையில் அத்தடை குறைவு. ஆகவே அது விரைந்து கரையும்; கரைதிறனும் கூடும். அரிதில் கரையும் மருந்துகளை வேண்டுமென்றே படிகமற்றதாக ஆக்குவது இன்று மருந்தாக்கத்தின் ஒரு முறை. ஆனால் அந்நிலை நிலையற்றது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அது ஈரம் உறிஞ்சி மெல்ல மெல்லப் படிகமாகிவிடக்கூடும். மலேரியா மிகுந்திருப்பது அத்தகைய நாடுகளிலேயே. ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட படிக ஒழுங்குகளில் அமையும் பல்லுருத்தன்மையும் இதனோடு சேர்ந்தது. மெஃப்ளோகுயின் ஐதரோகுளோரைடு இதற்கோர் எடுத்துக்காட்டு. லீபிக் 1846இல் தவறான பொருளைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு இவையே சரியான பொருள்கள்: இயைபு ஒன்று, திண்ம உருவம் வேறு, கரையும் விதமும் வேறு.

சீனாவில் ஆர்ட்டெமிசினின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. தூ யூயூவின் குழு 1972இல் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தது. 1973இல் ஹைனான் தீவில் நோயாளிகளுக்கு முதலில் மாத்திரையாகக் கொடுத்தபோது பலன் திருப்தியாக இல்லை. மருந்தே பயனற்றது என்று கைவிடக்கூடிய கட்டம் அது. மாத்திரைகளை ஆராய்ந்தபோது அவை சரியாக உடைந்து சிதறாதது தெரியவந்தது. அதே பொருளைத் தூளாகவே உறைக்குள் இட்டுக் கொடுத்தபோது காய்ச்சல் தணிந்தது. குருதியில் ஒட்டுண்ணிகளும் மறைந்தன. சென்னைக் குழுவுக்கு இல்லாத நுண்ணோக்கிச் சான்று ஹைனானில் இருந்தது. அதனால்தான் குறை மூலக்கூறில் இல்லை, திண்ம ஆக்கத்தில் உள்ளது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஆர்ட்டெமிசினினுக்கு இரண்டு படிக உருவங்கள் உண்டு என்பதைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டனர். செஞ்சாய்சதுர ஒழுங்கு ஒன்று. முச்சாய்வு ஒழுங்கு மற்றொன்று. மூலக்கூறு இரண்டிலும் ஒன்றே. முச்சாய்வுப் படிகம் மற்றதைவிட விரைவாகக் கரைகிறது. நீரில் மிக அரிதாகக் கரையும் இம்மருந்து, உடலில் சில மணி நேரமே தங்குவது. ஆதலால் எந்த உருவம் மாத்திரைக்குள் இருக்கிறது என்பது எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட வேண்டியதாகிறது. மருந்து நூல் கூறும் வேதிச் சோதனை, படிகத்தைக் கரைத்தபின் செய்யப்படுவதாதலின், இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. எக்சுக்கதிர் சிதறலே காட்டும்.